பதினொன்றாம் எண்

டோர்ஷாவ்ன் துறைமுகத்தில் ஜனவரி.
பகல் ஐந்தாறு மணி நேரம் தலைகாட்டிவிட்டுக்
கிளம்பிவிடும் மாதம்.
காலை ஆறுக்குக் கப்பல் புறப்படுகிறது.
அதன் வயிற்றில் நாற்பது ஜிகாபைட் கடல்:
நான்கு வாரம் எதிரொலியால் தடவித் தடவி
அவர்கள் எழுதிவந்த அடித்தரை,
பெயரிடப்படாத இரண்டு மேடுகள்,
யாரோ தவறவிட்ட நங்கூரம் ஒன்று.
அத்தனையும் அதற்குள்
என் அறையிலிருக்கும் வட்டில் இறங்க வேண்டும்.

இறங்குகிறது,
சொட்டு மருந்து போல.

மீதமுள்ள நேரம் இருபத்தேழு மணி
என்கிறது திரை, கூச்சமே இல்லாமல்.
கப்பலிலிருந்து பெய்னிர் பேசினான்:
"ரன்வா, உன் பக்கம்தான் கோளாறு."
உன் பக்கம்தான் என்றேன் நானும்.
இருவரும் அவரவர் கேபிளை மாற்றினோம்,
ஒரு மரியாதைக்கு.

வருவதை எங்கும் எழுதாதே, கொட்டிவிடு என்றேன் கணினியிடம்.
நொடிக்கு ஒன்பது மெகாபைட். காட்டாறு.
சரி, வலை நல்ல பிள்ளை.
வெறும் பூஜ்யங்களை வட்டில் எழுது என்றேன்.
நொடிக்கு இருபது.
வட்டும் நல்ல பிள்ளை.
இரண்டையும் சேர்த்துவிட்டால்
கழுதை தேய்ந்து கட்டெறும்பு.

தனித்தனியே குற்றமற்ற இருவரை
மாற்றி மாற்றி விசாரிக்கும் போலீஸ்காரியானேன்.
டிரைவரை அழித்துப் புதிதாய்ப் போட்டேன்.
ஸ்விட்சில் வேறு துளை.
அரை வழியா முழு வழியா என்று
இரு முனைகளையும் ஒத்துப்போக வைத்தேன்.
காற்று மழையைப் படுக்கை வசமாக
ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது.
அதன் வேகத்தைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

இரண்டரை மணிக்கு
வேறெதையோ தேடும்போது கண்ணில் பட்டது அந்தப் பட்டியல்.
பதினொன்று என்ற எண்ணுக்கு நேரே
மூன்று பெயர்கள்.

வாசலில் அழைப்பு மணி ஒன்றுதான்.
யார் அழுத்தினாலும் ஒரே ஓசை.
பொட்டலம் வந்திருக்கிறது என்று வலை அட்டை அழுத்தும்.
செயலி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து
வட்டைக் கேட்கும்: நீயா?
இல்லை.
மூன்றாமவனைக் கேட்கும்: நீயா?
இல்லை.
அதற்குள் வாசலில் பொட்டலங்கள் நிரம்பி
சரிந்து
தொலைந்து
மறுபடி அனுப்பு, மறுபடி அனுப்பு என்று
கப்பல் வரைக்கும் கெஞ்சல் போகும்.

வட்டு சரி, வலை சரி.
மூன்றாவது பெயர் ஒலி அட்டை.
கடலை மட்டுமே வாங்கிவைக்கும் இயந்திரத்தில்
ஒலிக்கு என்ன வேலை?

மூடியைத் திறந்தேன். தூசி.
மஞ்சள் விளிம்புள்ள பழைய அட்டை,
ஒரே ஒரு திருகில், அதுவும் முழுதாக இறுக்காமல்.
கீழே மேசைக்கடியில் ஹெட்ஃபோன்.
குறுந்தகட்டு உறையில் பேனாவால்:
போர்த்துகீசியம், முதல் ஆறு பாடங்கள்.
இரவுக் காவலர் யாக்குப்.
அவர் மகள் போர்த்தோவில் ஹோட்டல் ஒன்றில் வேலை பார்க்கிறாள்;
பேத்திக்கு ஃபரோயீஸ் வராது.

அட்டையைப் பிடுங்கினேன்.
நொடிக்கு இரண்டு.
போதாது.
வலை அட்டையைக் கழற்றிக் கடைசித் துளையில் செருகி,
கணினியை எழுப்பி, பட்டியலைப் பார்த்தேன்.
வலைக்கு ஐந்து. வட்டுக்குப் பதினொன்று.
ஆளுக்கொரு மணி.

மூன்று நாற்பதுக்கு முதலிலிருந்து தொடங்கினோம்.
ஒன்பது. எட்டு. ஒன்பது.
பெய்னிர் ஃபோனில் ஒன்றும் சொல்லவில்லை,
எதையோ மென்றுகொண்டிருந்தான்.
ஐந்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில்
கடைசி மேடும் நங்கூரமும் வந்து சேர்ந்தன.

கப்பல் விளக்குகள் நோல்சோய் தீவின் பக்கம் திரும்பியபோது
சுற்று முடித்து யாக்குப் உள்ளே வந்தார்,
தொப்பியில் மழையோடு.
"போம் தியா" என்றார் என்னிடம்,
பரீட்சைக்குப் போகிறவரைப் போல நிமிர்ந்து நின்று.

அதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று கேட்டேன்.

அது இரண்டாம் பாடம், என்றார்,
இன்றிரவு கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்.

என் கோட்டுப் பையில்
அட்டையின் மூலை விரலில் குத்தியது.