பக்கத்தில் இரண்டு புள்ளி

ச என்று வெட்டி நிறுத்தினால் பர்மியத்தில் தொடங்கு.
தாழ்த்தி இழுத்தால் கடிதம்.
உயர்த்தி இழுத்தால் தின்.
நம் மொழியில் எப்படி இழுத்தாலும் சாவுதான்.

ஏழு வயதில், மோல்மேனில்,
பூனைக்குப் போய்வருகிறேன் என்று
தெருவுக்கெல்லாம் அறிவித்துவிட்டுப்
பையோடு கிளம்பியவள் நான்.
பள்ளிக்கும் பூனைக்கும் அந்த ஊரில் ஒரே சத்தம்,
தொண்டை ஏறும் உயரம்தான் வேறு.
வடமலை அண்ணன் வாசலில் நின்று
மியாவ் என்று வழியனுப்பினான்,
வருஷம் முழுக்க.

இப்போது ரங்கூனில், உளுந்துக் கம்பெனியில்,
தூத்துக்குடிக்கும் சென்னைக்கும்
பாக்கி கேட்டுக் கடிதம் எழுதுகிறேன்.
'தயவுசெய்து' முதல் வரியில் வந்தால் கெஞ்சல்,
கடைசி வரியில் வந்தால் மிரட்டல்.
'நினைவூட்டுகிறோம்' எத்தனை நாளில்
பணமாகத் திரும்பும் என்று
எடை போட்டுச் சொல்வேன்.
உன் கடிதத்துக்குப் பல் இருக்கிறது மங்களேஸ்வரி,
ஆனால் பார்த்தால் சிரிக்கிற மாதிரி இருக்கிறது
என்பார் முதலாளி.

அப்படிப்பட்டவளுக்குத்தான்
போன ஆடியில் வைபரில் வந்தது:
நீ வர வேண்டாம்.

அண்ணனுக்குக் கண் அறுவை. நாள் குறித்தாகிவிட்டது.
நான் பஸ்ஸுக்கு டிக்கெட்டும் எடுத்திருந்தேன்.
வர வேண்டாம். முற்றுப்புள்ளி வேறு.
கடைக் கணக்கிலேயே கமா போடாதவன்.

எந்தக் குரலில் அதைப் படித்தேன் தெரியுமா?
வீட்டைப் பங்கு பிரித்த அன்று
சாவியை மேஜைமேல் தட்டித் தட்டிப் பேசினானே,
பன்னிரண்டு வருஷமாகிறது,
அந்தக் குரலில்.
எழுத்து அவன் அனுப்பியது.
குரல் என் சேமிப்பு.

'சரி' என்று பதில் போட்டேன்.
அந்தச் சரிக்கு அவன் எதை எடுத்துப் பூட்டினானோ,
பதினோரு மாதம் பேச்சில்லை.

நேற்று, கரண்ட் போயிருந்த நேரம்,
அவனிடமிருந்து ஒரு குரல்பதிவு.
கைபட்டு, தெரியாமல் வந்தது.
முப்பத்தெட்டு நொடியும் தகரத்தில் மழை,
சால்வின் ஆற்றைக் கூரைமேல் கவிழ்த்த மாதிரி.
அதற்குள் அண்ணன், யாரிடமோ:
வர வேஏஏண்டாம்... வர வேண்டாம்டி...
நனைஞ்சிடுவே, அங்கேயே இரு, நான் வரேன்.
பிறகு தண்ணீரில் கால் இறங்கும் சத்தம்.
பிறகு ஒரு மியாவ்.
இந்த முறை அது அவனில்லை.

அந்த 'வே'யில் எவ்வளவு நேரம் தங்கினான்!

பர்மாக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.
குரல் ஏறினால் எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி,
சட்டென்று நின்றால் அடியில் ஒன்று.
நம்மிடம் மூன்று புள்ளி இருக்கிறது,
அஃது பாட்டுக்கு அடுப்புக்கல் மாதிரி
உட்கார்ந்திருக்கிறது, உலையே இல்லாமல்.
அதில் ஒன்றை உருவி
அவன் 'வே'க்கு அடியில் வைத்திருக்கலாம்,
மழையில் ரோடு வழுக்கும், உனக்கு முழங்கால் வலி
என்று படிக்கும்படி.

வரட்டுமா என்று அடித்தேன்.
வருவதற்குக் கேட்கிறேனா
விடைபெறுகிறேனா, எனக்கே தெரியவில்லை. அழித்தேன்.
பர்மியத்தில் கேட்டேன்: லா யமலா.
கடைசி லாவுக்குப் பக்கத்தில்
இரண்டு புள்ளியையும் வைத்து,
பெரிதாக்கிப் பார்த்து, அனுப்பினேன்.

பதில் தமிழில் வந்தது.
கேள்விக்குறி கிடையாது. முடிவில் புள்ளி கிடையாது.
'ப்' தலையில் மட்டும் ஒன்று:
சாப்டியா

கோபமாகப் படித்தேன். அலுப்பாகப் படித்தேன்.
சாவி தட்டுகிற குரலிலும் ஒருமுறை.
எப்படிப் படித்தாலும்
எனக்குப் பசித்தது.