ஏடிஎம் தண்ணி

கோத்தகிரியிலிருந்து கூரியரில் வந்தது
மருந்துச் சீட்டை நாலாய் மடித்த பொட்டலம்.
மூச்சை அடக்கிக்கொண்டு பிரித்தேன்.
தும்மினால் ஒரு தலைமுறை போய்விடும்.

டைசா.
தென்னாப்பிரிக்க மலையில்
ஓடைப் பாறையில் கால் நனைத்து நிற்கிற ஆர்க்கிட்.
இலையில் கொஞ்சம் சூடு பட்டால் பொறுக்குமாம்,
வேர் மட்டும் சில்லென்று இருக்கவேண்டுமாம்.
தண்ணீரில் உப்பு ஆகவே ஆகாது.
நான் இருப்பது திருப்பூர், மங்கலம் ரோடு.

சாயப்பட்டறை லேபில்
தண்ணீரை அளப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
போர் தண்ணி இரண்டாயிரத்து நூறு.
லாரித் தண்ணி தொள்ளாயிரம்.
வீட்டுக் குழாயில் வாரத்துக்கொரு நாள் வருவது
நூற்றி எண்பது.
நொய்யலை நான் அளந்ததில்லை.
சில எண்களைத் தெரிந்துகொண்டு என்ன செய்ய.

சித்திரையில் பணம் எடுக்கப் போனேன்.
ஏடிஎம்முக்குப் பின்சுவரில்
ஏசிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
காவலுக்கிருந்த குழந்தைவேலு
அதில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.
கைப்பையில் மீட்டர் இருந்தது,
மற்ற பெண்களுக்குச் சீப்பு இருப்பதைப்போல.
பன்னிரண்டு.
துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன்.
பன்னிரண்டு. பதினெட்டு டிகிரி.

"ஏனுங் அம்மணி, தண்ணியில கோளாறுங்களா?"
இருபது வருசம் பனியன் மிஷின் ஓட்டிக் காது மங்கியவர்.
"கோளாறே இல்லைங்க!" என்று கத்தினேன்.
டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

அன்றிலிருந்து தினம் ஏழரைக்கு
ஒரு கேன் நிரம்பியிருக்கும்
எனக்காக, ஏடிஎம் வாசலில்.
எதற்கென்று அவர் கேட்கவில்லை.
இன்வெர்ட்டர் பேட்டரிக்கு என்று நினைத்திருப்பார்.

ஐஸ்கிரீம் டப்பாவில் பாசியை நறுக்கிப் பரப்பி
தூசியைத் தூவினேன்.
இந்த விதைக்குள் சோறே கிடையாது.
தூக்குப்போசி இல்லாமல்
முதல் ஷிப்டுக்கு அனுப்பிய பிள்ளை.

ஆறாவது வாரம்
துணியில் இழை எண்ணுகிற கண்ணாடியை வைத்துப் பார்த்தேன்.
ஓர் அங்குலத்துக்கு முப்பத்தொன்று,
பச்சைப் புள்ளிகள்.
எண்ணி முடித்து
பழக்கதோஷத்தில் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டேன்,
ஒரு சிங்கிள் ஜெர்சி சாம்பிளுக்கு நேராக.

வைகாசியில் பூஞ்சணம். முழுநாள் மின்தடை ஒன்று.
ஒரு நத்தை, எங்கிருந்து வந்ததோ.
டப்பா முழுக்க இருந்ததில் மிஞ்சியது பதினேழு.
அடுத்த வருசம் ஆறு.

அந்த வருசம்தான் ஏடிஎம்மை மூடினார்கள்.
திங்கட்கிழமை போனால்
சுவரில் நாலு போல்ட் ஓட்டை,
கீழே, சொட்டிய இடத்தில்,
யாரும் நடாத கீழாநெல்லி வாடியிருந்தது.

பத்து நாள் கழித்து போன்.
"அம்மணி, என்னைய அவிநாசிக்கு மாத்திட்டாங்க.
இங்க ரெண்டு ஏசிங்க.
சொட்டு நல்லா வருதுங்க."

ஞாயிறுதோறும் ரெண்டு கேனோடு பஸ்.
"கோயில் தீர்த்தமுங்களா?" என்றார் கண்டக்டர்,
நின்றவரை நகர்த்தி இடம் வாங்கித் தந்தார்.
நான் திருத்தவில்லை.
மடியில் குளிர்ந்தது.

நாலாம் வருசம், ஒரு புதன்கிழமை பூத்தது,
ஒன்றே ஒன்று.
தாய்ச்செடி போட்டோவில் நல்ல ரத்தச் சிவப்பு.
இது அதுவுமில்லை, ஆரஞ்சுமில்லை.
பழுக்கப்போகிற பப்பாளியின் உள்பக்கம்.
அன்று காலைதான் பையர் எங்கள் சிவப்பை
ஷேடு சேரவில்லை என்று திருப்பியிருந்தான்.
ஷேடு கார்டை எடுத்துப் பூப்பக்கத்தில் பிடித்தேன்,
பிறகு வைத்துவிட்டேன்.

குழந்தைவேலு பார்க்க வந்தார்,
சீருடையோடு, டூட்டிக்குப் போகும் வழியில்.
செருப்பை வெளியே விட்டுவிட்டு
பால்கனியில் குந்தி உட்கார்ந்து
ரொம்ப நேரம் பார்த்தார்.
தொட்டிக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார்,
சில்லென்று இருக்கிறதா என்று.

"இதுக்குத்தானுங்களா?"

ஆமாங்க என்றேன்.
இந்தத் தடவை கத்தவில்லை.
அவருக்குக் கேட்டிருக்காது.