கைப்பிடி

பிறர் மூச்சை எண்ணுவது என் தொழில்.
பதினாறு என்றால் சரி,
முப்பது என்றால் ஓட வேண்டும்.
வால்டிவியா மருத்துவமனையின் நான்காம் மாடியில்
பத்தொன்பது வருடமாக எண்ணுகிறேன்.

இப்போது என் மூச்சை எண்ணச் சொல்கிறார்கள்.

புதன்கிழமைதோறும், பணி முடிந்து,
எக்ஸ்ரே தட்டுகள் அடுக்கியிருந்த பழைய அறையில்
ஒன்பது பேர், ஒன்பது நாற்காலி.
ஜன்னலில் மழை. இந்த ஊரில் மழை
செய்தி இல்லை.
மீன் சந்தைக் கரையில் கடற்சிங்கங்கள்
தலைக்கும் வாலுக்கும் குரைத்துக்கொண்டிருக்கின்றன.
"சத்தம் வந்தால் வரட்டும்" என்கிறார்
பயிற்சி தரும் ரயேன்.
"ஆள் போடுங்கள் என்று கேட்டோம்,
மூச்சு விடச் சொல்லித் தருகிறார்கள்"
என்கிறாள் பிரசவ வார்டு ஒர்த்தென்சியா,
கண்ணை மூடிக்கொண்டே.

அவசரப் பிரிவு நிபால்தோ
இரண்டாம் நிமிடத்தில் குறட்டை விட்டார்.
யாரும் எழுப்பவில்லை.
அன்று அந்த அறையில் உருப்படியாக நடந்தது
அவர் தூக்கம்தான்.

நான் எண்ணினேன்: இருபத்திரண்டு.
என் நோயாளியாக இருந்தால்
ஆக்சிஜன் குழாயைக் கையில் எடுத்திருப்பேன்.

வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று.
அறைக்குள் போகுமுன் கைப்பிடியைத் தொடு,
குளிர்கிறதா பார், பிறகு திற.
நாளுக்கு நாற்பது கதவு.
மூன்றாம் கதவிலேயே மறந்துபோனேன்.
மறுநாள் ஏழாவதில்.
ஒருநாள் எரிச்சலில் உதைத்துத் திறந்தேன்,
அதுவும் முழுக் கவனத்தோடு.

பன்னிரண்டாம் அறை. தோன் எலியசர்,
மரம் அறுக்கும் ஆலையில் நுரையீரலைத் தொலைத்தவர்.
கையில் அவருடைய ஸ்கேன் முடிவு.
வாயில் சொற்கள் தயார்,
சொல்லிச் சொல்லி
வழவழவென்று தேய்ந்த சொற்கள்.
கைப்பிடி குளிர்ந்தது.
அடியில் ஒரு திருகு கழன்று ஆடியது.
இத்தனை வருடமும் ஆடியிருக்கும்.

போனேன். உட்கார்ந்தேன்,
நின்றபடியே பேசிப் பழகியவள்.
நான் வாய் திறக்குமுன் கேட்டார்:
"டாக்டர், என் நாயை யார் பார்த்துக்கொள்வார்?"

ஆக, தெரிந்திருக்கிறது.
நான் கொண்டுவந்த செய்தியை
அவர் மூச்சே அவரிடம் சொல்லிவிட்டது.

நாயின் பெயரைக் கேட்டேன்.
கனேலா. பட்டை நிறமாம்.
மழையில் நனைந்தால் கதவைச் சுரண்டுமாம்.
பதினோரு நிமிடம் நாயைப் பற்றிப் பேசினோம்.
நோயாளி அட்டையில் நாய்க்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதினேன்.

அவர் மூச்சு இருபத்தெட்டு.
எண்ணாமல் இருக்க முடியவில்லை, தொழில் புத்தி.
என்னுடையதை எண்ண மறந்துவிட்டேன்.

வெளியே வந்து
பராமரிப்புப் பிரிவுக்குச் சீட்டு எழுதிப் போட்டேன்:
அறை பன்னிரண்டு, கைப்பிடி, திருகு.
இன்னும் யாரும் வரவில்லை.