சுவர் காயும் நேரம்

கடைசி ரயில் பணிமனைக்குப் போன பிறகு
ஊட்ரம் பார்க் நிலையத்துக்குள்
ஏணியோடு இறங்குவோம், ஹைருலும் நானும்.
பழைய விளம்பரத்தின் மூலையை நகத்தால் நெம்பி இழுத்தால்
ஒரு பெண்ணின் சிரிப்பு
காதிலிருந்து காதுவரை ஒரே தோலாய் உரிந்து வரும்.
அவள் எதை விற்றாள்?
ஒட்டியவனே நான்தான், ஞாபகமில்லை.
பல்வரிசை மட்டும் நிற்கிறது.

மாதம் பதினெட்டு வெள்ளி
அட்டையிலிருந்து தானாகக் கழிகிறது,
விளம்பரமில்லாமல் படம் பார்க்க.
சேரும்போது அப்படித்தான் சொன்னார்கள்.
அப்புறம் ஒரு மின்னஞ்சல்:
'உங்கள் அனுபவத்தை மேம்படுத்துகிறோம்.'
மேம்படுத்தினார்கள்.

சனிக்கிழமை. இந்துமதிக்கு வார்டில் வேலை இல்லாத இரவு.
படத்தில் ஒன்பது வருடம் கழித்து
மகன் வந்து கதவைத் தட்டுகிறான்.
தாய் எழுகிறாள். நடக்கிறாள்.
தாழ்ப்பாளில் கை வைக்கிறாள்.

மெத்தை.
பத்து வருட உத்தரவாதம், வட்டியில்லாத் தவணை.
மெத்தைமேல் ஒருவன் குதிக்கிறான்,
பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர்
தளும்பாமல் நிற்கிறது.
தாண்ட முடியாது. மூலையில் ஒரு மஞ்சள் வட்டம்
அவசரமே இல்லாமல் தேய்கிறது.

இந்துமதி துணி மடிக்கப் போய்விட்டாள்.
திரும்பி வந்தபோது
மகன் உள்ளே உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தான்.
"கதவத் திறந்ததும் என்ன சொன்னா அந்தம்மா?"
எனக்குத் தெரியவில்லை.
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்,
ஆனால் அந்தக் கிண்ணத்தையே யோசித்துக்கொண்டு.
பின்னால் இழுத்தால்
மறுபடியும் மெத்தை.

எங்கள் புளோக் மின்தூக்கியிலும் இப்போது திரை உண்டு.
போன வாரம் பதினோராம் மாடி திருமதி கோ
கணவரின் படத்தைச் சட்டம் போட்டு
மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார்.
அவர் தலைக்குமேல்
தொப்பி போட்ட வறுத்த கோழி ஒன்று ஆடியது,
ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.
யாருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.
நான் தரையைப் பார்த்தேன்.
கோழி எங்கள் எல்லாரையும் பார்த்தது.

யாரைத் திட்ட?
பசைவாளி என் கையில்.

துடைத்த சுவர் காயப் பதினோரு நிமிடம்.
ஹைருல் கைப்பேசியில் அளப்பான்.
அதுவரை அங்கே ஒன்றுமில்லை.
சாம்பல் நிறம், ஒரு நீர்க்கறை,
என்றோ ஒரு கொத்தனார் பென்சிலில் போட்டுவிட்டுப் போன
கூட்டல் கணக்கு, விடை தப்பு.
நாங்கள் அதன் எதிரே சப்பணம் போட்டு
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிப்போம்.
யாரும் வாடகை தராத சுவர்.
கண்ணுக்கு அவ்வளவு இதமாக இருக்கும்,
சொன்னால் சிரிப்பார்கள்.

நேற்று மணி அடித்ததும் புதுச் சுருளை விரித்தோம்.
மெத்தை.
எட்டடி அகலத்தில், மூக்குக்கு நேரே.
கிண்ணத்துக்கு நிழலே இல்லை.
கணினியில் வெட்டி வைத்தது.
விரலால் தடவிப் பார்த்தேன்,
குமிழி விழுந்திருக்கிறதென்று நினைத்து
ஹைருல் துடைப்பானை நீட்டினான்.

அவனும் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறான்,
மலாய் வசன வரிகளோடு.
"அந்தத் தாய், கதவைத் திறந்ததும்
என்னதான் சொன்னாள்?" என்றேன்.
ஏணியின் மேல்படியில் நின்று
கொஞ்ச நேரம் யோசித்தான்.
அந்த இடத்தில்தான்
தேநீர் கலக்கப் போயிருந்தானாம்.