பதினோரு விநாடி

மூன்று வாரம்
மிலுஷேவின் இடது தோளுக்குப் பின்னால்
நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.
அவள் செய்வதை எல்லாம் எழுதி வைக்கத்தான்
எனக்குச் சம்பளம்.

பிர்னோ நகரம், டிராம் பணிமனைக்கு எதிரே,
ஒரு லாரி கம்பெனியின் கணக்குப் பிரிவு.
மின்னஞ்சலைத் திற. பில்லைத் திற.
எண்ணை எடு, இந்தக் கட்டத்தில் ஒட்டு.
தேதி. வரி. என்டர்.
நாளைக்கு நூற்று நாற்பது தடவை.
நடுவில் ஒரு ரொட்டி, கசகசா தூவியது.
பிறகு விசைப்பலகையைக் கவிழ்த்துப் பிடித்து
முதுகில் இரண்டு தட்டு.
அதை மட்டும் எழுதவில்லை.

வேலை அவளுக்குப் பிடித்ததே இல்லை.
மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள்.
"எடுத்துக்கிட்டுப் போ, விட்டது சனியன்" என்றாள்.
வரும் வழியெல்லாம் நான் தயார் செய்துகொண்டு வந்த
வருத்தத்தை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஹவ்ரானெக்கின் பில் வந்தால் மட்டும்
கை அப்படியே நிற்கும்.
பதினோரு விநாடி, சில நாள் பன்னிரண்டு.
பிறகு கடைசிக் கட்டத்தில் ஒரு டிக்.
மரத்தட்டு அடித்து விற்கிற ஒற்றை ஆள் அவர்.
கையால் எழுதுவார்;
ஏழுக்குக் குறுக்குக் கோடு போட மறப்பார்.
ஏழா ஒன்றா என்று பார்க்கிறாள் என நினைத்து
நான்கு இரவு விழித்து
ஏழையும் ஒன்றையும் பிரிக்க
இயந்திரத்துக்குப் பழக்கினேன்.

கடைசி வெள்ளிக்கிழமை
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:
எல்லாருக்கும் அறுபது நாள் கழித்துத்தான் பணம்.
அந்த டிக் போட்டால் மறுநாளே போய்விடும்.
ஒன்பது வருஷமாகப் போடுகிறாள்.
ஹவ்ரானெக்கை நேரில் பார்த்ததில்லை.
"ஒருமுறை போன் செய்தார். அழவில்லை.
அழாமல் இருக்க என்ன பாடுபட்டார் என்று
கேட்டது."

அப்போது அந்தப் பதினோரு விநாடி?
"கண்ணாடி அறையில் மேனேஜர்
இந்தப் பக்கம் பார்க்கிறாரா என்று பார்ப்பேன்."

இப்போது இரவு இரண்டு மணிக்கு ஓடுகிறது.
நூற்று நாற்பது பில்லுக்கு நாலு நிமிஷம்.
தளத்தில் விளக்கு இல்லை,
கண்ணாடி அறையில் ஆள் இல்லை.
ஹவ்ரானெக் முறை வந்ததும் நிற்கிறது.
பதினோரு விநாடி.
யாரும் பார்க்கவில்லை.
டிக்.

ஜனவரியில் தணிக்கைக்கு வந்தவர்
திரையில் விரல் வைத்துக் கேட்டார்,
இந்தத் தாமதமும் டிக்கும் எதற்கு?

அதை எடுத்தால்
மற்றதெல்லாம் நின்றுவிடும் என்றேன்.
எழுதிக்கொண்டார்.