அரை சென்ரிமீற்றர்

நாலு தந்திக்கும் வால் இருக்கிறது.
முறுக்காணிக்கு வெளியே
திசைக்கொன்றாய் நீட்டிக்கொண்டு,
இரவு டியூட்டி முடிந்து தொப்பி கழற்றின
என் தலைமயிர் மாதிரி.

யுக்குலேலே வந்த பெட்டியில்
தந்திகள் தனிப் பையில் இருந்தன. மூன்று.
நாலாவதற்காகக் கூரியர்காரனோடு சண்டை பிடிக்க நேரமில்லை.
பார் வீதியில் தூண்டில் சாமான் கடைக்குப் போய்
தங்கூசி கேட்டேன்.
“என்ன மீனுக்கு?” என்றார் லாபிர் காக்கா.
கொடுவாவுக்கு ஒன்று, பாரைக்கு ஒன்று,
ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மொத்தம்.
மீனுக்கில்லை, பாட்டுக்கு என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
“பாட்டு எத்தின இறாத்தல் வரும்?”
அறுபது என்று நானே முடிவு செய்தேன்.
ஒரு மீற்றர் அளந்து, ஒரு சாண் சும்மா விட்டு,
பல்லால் கடித்துத் தந்தார்.

புளியந்தீவில் என் வாடகை வீட்டுக்கு மேல்மாடி
ஒஸ்வின் ராகல். மின்சார சபையில்
மீற்றர் வாசிக்கிறவன்.
வாலில் கை வைக்காதே என்கிறான்.
புதுத் தந்தி இழுபட்டுக்கொண்டே இருக்கும்,
வழுக்கினால் திரும்பக் கட்ட
என்ன வைத்திருக்கிறாய்?
அவனுடைய மெண்டலின் தலையை
பதினொரு வருடமாய் யாரும் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.
கண் குத்தும்.

சுகிர்தா சொல்கிறாள், வெட்டு.
அவள் எதையும் வெட்டு என்பாள்.
மிச்சம் என்ற சொல்லே அவள் வாயிலிருந்து
நேரே மஞ்சள் வாளிக்குள் விழும்.

எனக்கு இதில் ஒரு அபிப்பிராயம் இருக்கவேண்டும்.
ஒன்பது வருடம் தியேட்டரில் நூல் வெட்டினவள்.
டொக்டர் முடிச்சை இறுக்கி
இரண்டு முனையையும் தூக்கிப் பிடிப்பார்,
“கட்” என்பார்,
அரை சென்ரிமீற்றர் விட்டு வெட்டுவேன்.
எதற்கு அரை என்று யாரும் கேட்டதில்லை.
நானும்.

இந்த மாதம் கிளினிக்குக்குப் போட்டார்கள்.
வாழைச்சேனையிலிருந்து ஒருவர்,
முழங்காலுக்குக் கீழே ஏழு தையல்,
படகு எஞ்சின் தட்டினது.
ஆறும் சுகமாய் வந்தன:
முனையைப் பிடி, தூக்கு, வெட்டு, இழு.
ஏழாவதுக்கு முனை இல்லை.
ஒட்ட வெட்டியிருந்தது. பொருக்குக்குள் போய்விட்டது.
நான் தேடத் தேட
அவர் மேலே காற்றாடியைப் பார்த்தபடி
பல்லுக்கிடையில் காற்றை இழுத்தார்.
“ஆர் மிஸ்ஸி இத வெட்டினது?”

கார்டைத் திருப்பிப் பார்த்தேன்.
திகதி. நேரம்: விடிய மூன்று பத்து.
என் கையெழுத்து எனக்குத் தெரியும்.

கச்சான் அடிக்கிற பகல்.
ஜன்னலைச் சாத்திவிட்டு வாசித்தால்
இரண்டாம் தந்தியோடு ஒரு ஈ இரைகிறது.
மூன்று நாளாய் என் விரலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.
விரல் இல்லை. வால்.
மரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்று
வேலை கொடுக்காத பகுதியும்
கொஞ்சம் பாடப் பார்க்கிறது.

நகவெட்டியை எடுத்தேன்.
மூன்றை வெட்டினேன். அரை சென்ரிமீற்றர்,
அடிமட்டம் வைத்து.
தங்கூசியை விட்டுவிட்டேன்.
ஒவ்வொரு விடியலிலும் அது
அரைச் சுரம் இறங்கிக் கிடக்கிறது.
தான் மீனுக்கில்லை என்பதை
இன்னும் நம்பவில்லை.
அதன் வாலைச் சுருட்டி முறுக்காணியடியில் செருகினேன்,
என்றைக்கோ கழற்றப் போகிற கைக்கு.

பிறகு சீமெந்து நிலத்தைக் கூட்டினேன்.
வெட்டினது மூன்று.
கிடைத்தது இரண்டு.
நைலோன், நிறமில்லை, வெளிச்சத்தோடு கரைந்துவிடும்.
லைட்டைப் போட்டு முழந்தாளில் தேடினேன்,
பாய்க்கடியில், செருப்புக்குள், என் பாவாடை மடிப்பில்.
மேலே ஒஸ்வின் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

தியேட்டரில் எண்ணிக்கை பிழைத்தால்
மூடமாட்டார்கள்.
பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டுப்
படுத்தேன்.