பதினேழாம் நம்பர் காத்தாடி

எண்பது மீட்டர் ஏணி.
பாதியில் ஒரு தட்டு, அங்கே மூச்சு வாங்கலாம்.
ஆனி மாதத்தில் யாரும் செய்யாத வேலை இது.
எண்ணெய் கருகிவிட்டதால் வேறு வழியில்லை,
காற்று எழும்புமுன் ஏறிவிட்டோம்.
உச்சிப் பெட்டிக்குள் குனிந்து நுழைந்து
கியர் மூடியைத் திறந்ததும்
மூக்குக்குத் தெரிந்துவிட்டது:
இது நடுக்கடல் நாற்றம்.

பதினோரு வருஷம் அதில்தான் தின்றேன், தூங்கினேன்,
பொங்கலையும் கிறிஸ்மஸையும் கடத்தினேன்.
கத்தாருக்கு அப்பால் இரும்புக் கால்கள் மேல் நின்று
கடலின் அடிவயிற்றைத் துளைத்துக்கொண்டே இருந்தோம்.
அப்போது ஆழத்துக்குச் சம்பளம்.
இப்போது உயரத்துக்கு,
அதில் பாதிதான்.

சட்டைப்பையின் சின்னம் மட்டும் மாறவில்லை.
அதே கம்பெனி.
ஓரத்தில் ஒரு பச்சை இலை புதிதாக முளைத்திருக்கிறது.
பணகுடிக்குத் தெற்கே நாற்பத்திரண்டு காத்தாடிகளை
மொத்தமாக வாங்கிய அன்று
ராதாபுரம் கல்யாண மண்டபத்தில் பிரியாணி போட்டு
'நாங்கள் மாறிக்கொண்டிருக்கிறோம்' என்றார்கள்.
மதார் மைதீன் என் விலாவில் இடித்தான்:
"மாறட்டும்வே, ஞானதிரவியம்.
மட்டன் அப்படியேதான இருக்கு."

மதார் கிரேன் ஓட்டுகிறவன். கணக்கிலும் புலி.
தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து இறக்கை வந்த லாரி
மூன்று ராத்திரி குடித்த டீசல்,
வள்ளியூர் முக்கில் அது திரும்புவதற்காக
வெட்டிய புளியங்கொப்பு,
இறக்கைக்குள் இறுகிக் கிடக்கிற பிசினுக்கு
எந்த நாட்டு எண்ணெய்க் கிணறு தாய் என்பது வரை
எல்லாம் அவன் வாயில் இருக்கும்.
"கூட்டிப் பாத்தா ஏழெட்டு மாசக் காத்துல
பட்ட கடன் அடைஞ்சிரும்.
பொறவு பத்தொம்பது வருசம் லாவம்."
அவன் சொல்லும்போது எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.
நாங்கள் கடலிலிருந்து எடுத்ததற்கு
எவனும் இப்படி உட்கார்ந்து கடன் எழுதியதில்லை.

முந்நூற்று இருபது லிட்டர்.
கருப்பட்டிப் பாகு மாதிரி
அவசரமில்லாமல் குழாயில் இறங்கியது பழசு.
காவல்கிணற்றிலிருந்து ஒருவன் டெம்போவில் வந்து வாங்கிப்போவான்,
கான்கிரீட் பலகைக்குத் தடவ.
யாரோ வீடு கட்டுவார்கள்.
அந்தக் கூரையின் அடியில்
எங்கள் காற்று கறையாக ஒட்டியிருக்கும்.
புது எண்ணெய்ப் பீப்பாயைக் கயிற்றில் ஏற்றினோம்.
அதிலும் அதே இலை.

ஒன்பது மணிக்குக் கணவாய் திறந்துகொண்டது.
கீழே பனைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து
யாரையோ வழிவிடச் சொல்கின்றன.
வாழைகள் முட்டுக்கழிகளைப் பிடித்துக்கொண்டன.
இந்த வருஷத்தின் முதல் நல்ல காற்று.
அப்போதுதான் போன்:
"பதினெட்டிலேருந்து முப்பது வரைக்கும் நிறுத்து. லோடு இல்ல."

இவ்வளவு காற்றுக்குக் கம்பியில் இடமில்லையாம்.
ஐப்பசியில் இதே குரல் கெஞ்சும்,
"கொஞ்சம்கூட வரலையா அண்ணாச்சி?"
வராது.
எந்தக் கரையிலோ ஒரு எரிவாயு ஆலையை
அவசரமாக எழுப்பிவிடுவார்கள்.
அந்த வாயுவை ரமோன் எடுத்து அனுப்பியிருப்பான்,
மணிலாக்காரன், என் பக்கத்துக் கட்டில்.
லீவு முடிந்து நான் திரும்பும்போதெல்லாம்
நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தாயா என்று
முதலில் பையைத்தான் பார்ப்பான்.
அவனுக்கு இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தம்.
அதற்குப் பிறகு ஏணி ஏறத் தெரியுமா என்று
போன வாரம் கேட்டிருந்தான்.
பதில் போடவில்லை நான்.

பதின்மூன்று காத்தாடிகள்
ஒன்றன்பின் ஒன்றாகக் கையை முடக்கின.
காற்றுக்கு அது தெரியவில்லை, வந்துகொண்டே இருந்தது.

இறங்கி வந்து பைக்கை உதைத்தேன்.
இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.
டேங்க்கைக் குலுக்கிப் பார்த்தால் சத்தமே இல்லை.
மதார் தண்ணீர் பாட்டிலில் அரை லிட்டர் பெட்ரோல் கொண்டுவந்தான்.
நூறு ரூபாய் நீட்டினேன்.
மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.
"மீதி எங்கடே?"
தலைக்கு மேலே சும்மா நிற்பதைக் காட்டினான்.
"காத்துல கழிச்சுக்கிடும்."